ஹார்ட் ரேட் மானிட்டர் வாங்கப் போறீங்களா? மதகா கடைமடையான்னு முதல்ல பாருங்க

காலைல ஆறு மணிக்கு திருவாரூர் கமலாலயத்த சுத்தி நடக்குறவங்க, தஞ்சாவூர் அன்னை சத்யா ஸ்டேடியத்துல ஓடுறவங்க, கும்பகோணத்துல மகாமகக் குளத்த சுத்தி வர்றவங்க, யார் கையப் பாத்தாலும் இப்ப ஒரு பேண்டு மினுக்குது. நடந்து முடிச்சு டீக்கடைல நின்னா பேச்சும் அதப் பத்திதான். "எனக்கு 168 வரைக்கும் போச்சு மாப்ள, ஒனக்கு?" "128தான் மாமா." "அப்ப ஒன் வாட்சு டூப்ளிகேட்டுடா." இதோட தீர்ப்பு முடிஞ்சிடும், ரெண்டு பேரும் வடைய எடுத்துக்குவாங்க.

மாமா வாட்சு தப்பா, மாப்ள வாட்சு தப்பா, இல்ல ரெண்டுமே சரியான்னு யாரும் கேக்குறதில்ல. அந்த நம்பர் எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சாத்தான் அந்தக் கேள்வியே வரும். அது தெரிஞ்சிட்டா எத வாங்கணும், எதுக்கு காச வீணாக்க வேணாம்னு கடைக்காரர நீங்களே கேள்வி கேக்கலாம்.

முதல்ல, எத எண்ணுது?

ஹார்ட் ரேட்னா இதயம் ஒரு நிமிஷத்துக்கு எத்தன தடவ துடிக்குதுங்குற கணக்கு, அவ்வளவுதான். பிபிஎம்னு ஸ்கிரீன்ல போட்டிருக்கறது அதோட அளவு, நிமிஷத்துக்கு இத்தன துடிப்பு. பெரியவங்களுக்கு சும்மா உக்காந்திருக்கும்போது 60லேர்ந்து 100 வரைக்கும் இருந்தா சாதாரணம்னு சொல்லுவாங்க, நல்லா ஓடிப் பழகுனவங்களுக்கு 60க்கும் கீழ இருக்கும்.

இது பிரஷர் இல்ல. பிரஷர்ங்கறது ரத்தம் குழாய்ச் சுவத்த எவ்வளவு பலமா தள்ளுதுங்கறது, அது வேற கணக்கு, ஹார்ட் ரேட் 72 இருக்கறவருக்கு பிரஷர் 170 இருக்கலாம். அதே மாதிரி அடைப்பு இருக்கா, அட்டாக் வருமான்னும் இந்த நம்பர் சொல்லாது. நெஞ்சு அடைக்குது, இடது கை வலிக்குது, வேர்த்துக் கொட்டுதுன்னா வாட்ச்சப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க, 108க்கு போன் போடுங்க, வாட்ச்சுல நம்பர் நார்மலா இருந்தாலும்.

காசே செலவழிக்காம எண்ண ஒரு வழி எப்பவும் இருக்கு. கட்டைவிரலுக்கு நேர் கீழ மணிக்கட்டுல ரெண்டு விரல வச்சு 15 செகண்டு எண்ணி நாலால பெருக்குங்க. கழுத்துலயும் பாக்கலாம், ஆனா ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அழுத்தக் கூடாது, தலை சுத்தும்.

மதகும் கடைமடையும்

மோட்டார்ல ஏறி இறங்குற மதகு ஷட்டர் ஒண்ண நெனச்சுக்கங்க. சுவிட்சு போட்டா ஷட்டர் தூக்குது, ஒரு வீச்சு தண்ணி வாய்க்கால்ல போகுது, மறுபடி மூடுது. இத நிமிஷத்துக்கு எழுபது எம்பது தடவ விடாம செய்யிறாங்க (எந்தத் துறையும் செய்யாது, ஒரு கற்பனைதான்). எத்தன தடவ தூக்குச்சுன்னு எண்ணணும்னா ரெண்டு இடத்துல ஆள் நிறுத்தலாம்.

ஒருத்தர மதகுலயே சுவிட்சு போர்டு பக்கத்துல நிறுத்தலாம், அவரு தண்ணியப் பாக்கவே வேணாம், சுவிட்சு சத்தம் கேட்ட ஒடனே ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டுப் போயிடுவாரு. இன்னொருத்தர கடைமடைல, அதாவது வாய்க்கால் போயி முடியிற எடத்துல நிறுத்தலாம், அங்க தண்ணி ஏறி இறங்குறத குச்சி நட்டுப் பாத்து எண்ணுவாரு. அமைதியான நாள்ல ரெண்டு பேர் கணக்கும் ஒண்ணாத்தான் இருக்கும். ஆனா வாய்க்கால்ல நாலு பசங்க குதிச்சு ஆட்டம் போட்டா கடைமடை ஆள் பாடு திண்டாட்டம், எது மதகு அலை எது பசங்க அலைன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

நெஞ்சுல கட்டுற பட்டை மதகு ஆளு. கைல கட்டுற வாட்ச் கடைமடை ஆளு.

நெஞ்சுப் பட்டை எப்படி வேலை செய்யுது

இதயம் ஒவ்வொரு தடவ சுருங்குறதுக்கு முன்னாடியும் ஒரு சின்ன மின் துடிப்பு அதுக்குள்ள ஓடும், நம்ம கதைல சுவிட்சு அதுதான். அந்த மின்சாரம் தோல் வரைக்கும் லேசா எட்டும். ஆஸ்பத்திரில நெஞ்சுல ஒட்டி எடுக்குற ஈசிஜி அதத்தான் வரைஞ்சு காட்டுது, அத உருவாக்குன டச்சு விஞ்ஞானி ஐந்தோவனுக்கு 1924ல நோபல் பரிசு குடுத்தாங்க. செஸ்ட் ஸ்ட்ராப்னு சொல்ற நெஞ்சுப் பட்டைல ரெண்டு எலக்ட்ரோடு, அதாவது மின்சாரத்த உணர்ற பட்டைத் துண்டு இருக்கும். ஈசிஜி மாதிரி முழுப் படம் எல்லாம் அதுக்கு வேணாம், துடிப்போட உச்சிப் புள்ளிய மட்டும் பிடிச்சு, ஒரு உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் எவ்வளவு நேரம்னு கணக்குப் போட்டு ப்ளூடூத்துல போனுக்கு அனுப்பிடும்.

பின்லாந்துல 1977ல ஆரம்பிச்ச போலார் கம்பெனி 1982ல வயர் இல்லாம இப்படி கைக்கடிகாரத்துக்கு அனுப்புற மானிட்டர வித்தாங்க. இன்னைக்கு வரைக்கும் அடிப்படை அதேதான், அதனால நெஞ்சுப் பட்டைய பழைய டெக்னாலஜின்னு சொன்னா ஒருவகைல சரிதான், ஆனா பழசுன்னா மோசம்னு அர்த்தமில்ல.

ஒரே நிபந்தன, எலக்ட்ரோடு ஈரமா இருக்கணும். காஞ்ச தோல்ல மின்சாரம் சரியா ஏறாது, அதனாலதான் கட்டுன முதல் சில நிமிஷம் நம்பர் கண்டபடி 200, 40னு குதிக்கும். குளிர் நாட்டுக்காரங்களுக்கு இது பெரிய தொல்ல. நாகப்பட்டினத்துல சித்திரை மாசம் சட்டைய மாட்டுறதுக்குள்ளயே வேர்க்குற நமக்கு அவ்வளவு இல்ல, இருந்தாலும் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு சொட்டு தண்ணி தடவிக்கங்க.

பச்சை லைட்டு என்ன பண்ணுது

வாட்ச்ச கழட்டித் திருப்பிப் பாத்தா பச்சையா மின்னும். ரத்தம் பச்சை வெளிச்சத்த நல்லா உறிஞ்சும். இதயம் துடிக்கும்போது மணிக்கட்டுல ரத்தம் கொஞ்சம் கூடுது, அப்ப திரும்பி வர்ற வெளிச்சம் கொஞ்சம் கொறையுது, அடுத்த துடிப்புக்கு நடுவுல ரத்தம் கொறையுது, வெளிச்சம் கூடுது. இந்த ஏத்த இறக்கத்த பக்கத்துலயே இருக்குற ஒரு சின்ன சென்சார் பாத்து எண்ணுது. இதுக்கு பேரு ஃபோட்டோப்ளெதிஸ்மோகிராபி, வாய்ல நுழையாதுங்கறதால பிபிஜின்னு சுருக்கமா சொல்லுவாங்க, பெட்டி மேல ஆப்டிகல் சென்சார்னு போட்டிருந்தாலும் இதேதான்.

இது நல்லா வேலை செய்யிற முறைதான். பிரச்சனை என்னன்னா வெளிச்சம் மாறுறதுக்கு ரத்தம் மட்டும் காரணம் இல்ல. வாட்ச் லூசா இருந்து ஆடுனா மாறும், வெளி வெயில் உள்ள புகுந்தா மாறும், சென்சாருக்கு நேரா பச்சை குத்தியிருந்தா மாறும். தோல் நிறம் கருப்பா இருந்தா மெலனின் கொஞ்சம் வெளிச்சத்த எடுத்துக்கும், நல்ல வாட்ச் லைட்ட கூட்டி சமாளிச்சிடும், மட்டமானது தடுமாறும். மார்கழி விடியக்காலைல கை சில்லிட்டுப் போனா தோலுக்கு வர்ற ரத்தமே கொறைஞ்சிடும், வாய்க்கால்ல தண்ணியே இல்லன்னா கடைமடை ஆள் எத எண்ணுவாரு?

சுருக்கமா இதுவரைக்கும்: பட்டை மின்சாரத்த கேக்குது, வாட்ச் ரத்தத்த வெளிச்சத்துல பாக்குது. கை அசையாம இருந்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நம்பர் காட்டும். கை ஆட ஆட வாட்ச்சோட கணக்கு சந்தேகம்.

வாட்ச் காலடிய எண்ணிடுற கூத்து

இத கொஞ்சம் நிதானமாப் பாக்கலாம், ஏன்னா பாதி டீக்கடை சண்டைக்கு இதுதான் காரணம்.

நடக்கும்போது கை ஒரே தாளத்துல முன்னும் பின்னும் ஆடும். ஒவ்வொரு அடிக்கும் வாட்ச் தோல் மேல ஒரு தடவ லேசா இடிக்கும், மணிக்கட்டுல ரத்தமும் ஒரு தடவ அலம்பும். சென்சாருக்கு இப்ப ரெண்டு தாளம் கேக்குது, ஒண்ணு இதயத்தோடது, இன்னொண்ணு காலோடது. வாட்ச்சுல அசைவ உணர்ற தனி சென்சாரும் இருக்கு, அத வச்சு காலடித் தாளத்த கழிச்சுடப் பாக்கும், பல நேரம் சரியாவும் கழிச்சுடும். ஆனா சில நேரம் ஏமாந்து காலடித் தாளத்தையே இதயம்னு பிடிச்சிக்கும். இத கேடன்ஸ் லாக்னு சொல்லுவாங்க, கேடன்ஸ்னா நிமிஷத்துக்கு எத்தன அடி வைக்கிறோம்ங்கறது.

வேகமா நடக்குறவரு நிமிஷத்துக்கு 110, 120 அடி வைப்பாரு. நடக்கும்போது இதயமும் 100, 120ன்னு அந்தப் பக்கம்தான் இருக்கும். அதனால தப்பாக் காட்டுனாலும் சந்தேகமே வராது, நம்பர் நியாயமாத்தான் தெரியும். ஓடுறவருக்கு 160லேர்ந்து 180 அடி வரும், மெதுவா ஓடிக்கிட்டிருக்கும்போதே வாட்ச் 170 காட்டுனா மனுஷன் பதறிடுவாரு. மாமாவோட 168க்குள்ள காலடி எவ்வளவு, இதயம் எவ்வளவுன்னு யாரு கண்டா.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ஓடிக்கிட்டிருக்கும்போதே பக்கத்துல வர்றவர்கிட்ட முழு வாக்கியமா பேசிப் பாருங்க. மூச்சு வாங்காம ஊர்க்கதை பேச முடியுதுன்னா, வாட்ச் 170 காட்டுனா அத நம்பாதீங்க. அப்புறம் டக்னு நின்னு கழுத்துல விரல் வச்சு எண்ணுங்க. நின்ன ஒடனே வாட்ச் நம்பர் ஒரே தாவா 170லேர்ந்து 125க்கு விழுந்துச்சுன்னா அது காலடிய எண்ணிக்கிட்டிருந்திருக்கு, இதயம் அப்படி பொத்துன்னு விழாது, படிப்படியாத்தான் இறங்கும்.

வாட்ச்ச மணிக்கட்டு எலும்புலேர்ந்து ரெண்டு விரல் மேல தள்ளி, ஆடாத அளவுக்கு, ஆனா ரத்தம் நிக்கிற மாதிரி இறுக்காம கட்டுனா இந்த கூத்து நல்லா கொறையும். வளையல் மாதிரி தொங்க விட்டுட்டு வாட்ச்சத் திட்டுறதுல ஒரு அர்த்தமும் இல்ல.

அப்ப எனக்கு எது?

விலைலேர்ந்து ஆரம்பிக்காதீங்க, உங்க கை என்ன பண்ணுதுன்னு பாத்து ஆரம்பிங்க.

நடை மட்டும்தான், அதுவும் டாக்டர் சொன்னாருன்னு தினம் அர மணி நேரம்னா உங்களுக்கு எதுவுமே வாங்க வேணாம், விரலும் போன்ல கடிகாரமும் போதும். ஆசையா இருந்தா பேர் தெரிஞ்ச கம்பெனியோட சாதாரண பேண்டு ஒண்ணு, ரெண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்குள்ள வர்றதே தாராளம். ஒரே வேகத்துல ஓடுறவங்களுக்கும் அது ஓடும், கேடன்ஸ் லாக்க மட்டும் நினைப்புல வச்சுக்கங்க.

ஷட்டில் ஆடுறவங்க, ஜிம்முல வெயிட் தூக்குறவங்க, நூறு மீட்டர் வேகமா ஓடி நின்னு திரும்ப ஓடுறவங்க, இவங்களுக்கு மணிக்கட்டு வாட்ச் சரிப்படாது. இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு தசைநார் எல்லாம் அசைஞ்சு வெளிச்சக் கணக்கக் குழப்பும். அதுவும் இல்லாம வாட்ச் நம்பர சட்டுன்னு மாத்தாது, சில செகண்டு சராசரி எடுத்துத்தான் காட்டும், நீங்க வேகமா ஓடி முடிச்சு நின்ன பிறகுதான் அது ஏறவே ஆரம்பிக்கும். இங்க நெஞ்சுப் பட்டைதான் ராஜா.

சைக்கிள்காரங்களுக்கும் பட்டைதான். தஞ்சாவூர்லேர்ந்து கல்லணை வரைக்கும் ஹேண்டில்பார பிடிச்சிக்கிட்டு குண்டு குழில அதிர்ந்துக்கிட்டே போற கைல வாட்ச் பாவம் என்னதான் பண்ணும். அதோட நம்ம டெல்டால மேடே கிடையாது, ரயில்வே மேம்பாலம் ஏறுனாத்தான் மேடு. நமக்கு மேடுன்னா ஆடிக் காத்துதான். எதிர்காத்துல பதினஞ்சு கிலோமீட்டர் வேகத்துல போறதும் காத்து பின்னாடி தள்ள இருபத்தஞ்சுல போறதும் உடம்புக்கு ஒரே உழைப்பா இருக்கும், வேகத்தப் பாத்தா ஒண்ணும் புரியாது, ஹார்ட் ரேட்ட பாத்தா புரியும். அதனால சமவெளில சைக்கிள் ஓட்டுறவனுக்கு இது அவசியமில்லாத சாமான்னு சொல்றவங்களோட நான் ஒத்துப்போக மாட்டேன்.

நடுவுல ஒரு வழியும் இருக்கு, ஆர்ம் பேண்டு. இதுவும் பச்சை லைட்டுதான், ஆனா முழங்கைக்கு கீழயோ மேலயோ கட்டுறது. அங்க சதை ஜாஸ்தி, எலும்பு கொறைச்சல், ஆட்டமும் கம்மி, அதனால மணிக்கட்ட விட நல்ல கணக்கு வரும். நெஞ்சுல பட்டை இறுக்குனா ஒத்துக்காதவங்களுக்கும், சுடிதார் போட்டுக்கிட்டு நடக்க வர்ற பெண்களுக்கும் இது ரொம்ப வசதி, கைக்குள்ள மறைஞ்சிடும், யார்கிட்டயும் விளக்கம் சொல்ல வேணாம்.

பட்டைல போலார், கார்மின், வாஹூ எல்லாம் பெரிய பேரு, விலையும் அப்படியே. கூஸ்போ, மெஜீன் மாதிரி சீனக் கம்பெனி பட்டை அதுல பாதிக்கும் கீழயே கிடைக்குது, துடிப்ப எண்ணுற வேலைய மட்டும் பாத்தா நமக்கு அதுவே போதும். அந்த மிச்சக் காசுல நல்ல ஷூ வாங்கலாம். வாங்கும்போது பாக்க வேண்டியது ரெண்டுதான். ஒண்ணு, எந்த ஆப்போடயும் ப்ளூடூத்துல சேருமா, இல்ல அவங்க ஆப்போட மட்டும்தானா. சைக்கிள் மீட்டர், ஜிம் மிஷினோட சேக்கணும்னா ஆன்ட் ப்ளஸ்னு ஒரு வகை ரேடியோவும் இருந்தா நல்லது. ரெண்டாவது, துணிப் பட்டை தனியா கிடைக்குமா. வேர்வைல அதுதான் முதல்ல சாகும், மேல இருக்குற சென்சார் அப்படியே இருக்கும்.

220லேர்ந்து வயசக் கழிக்கிற கதை

வாங்கியாச்சு, நம்பரும் வருது. அடுத்து எல்லாரும் சொல்றது "220ல வயசக் கழி, அதான் ஒன் லிமிட்டு, தாண்டுனா ஆபத்து." இந்த சூத்திரம் 1971ல ஃபாக்ஸ்ங்கறவரும் அவரோட சேந்தவங்களும் எழுதுன கட்டுரைலேர்ந்து பரவுனது. அதிகபட்ச ஹார்ட் ரேட்னா உயிரக் குடுத்து உழைச்சா இதயம் எட்டுற உச்சம், அதோட சராசரி மதிப்பீடுதான் இது, அபாயக் கோடு இல்ல. 2001ல டனாகாங்கற ஆராய்ச்சியாளரோட குழு 208லேர்ந்து வயசோட 0.7 மடங்கக் கழிக்கச் சொன்னாங்க. 60 வயசுக்காரருக்கு முதல் கணக்குல 160, ரெண்டாவது கணக்குல 166. எந்தக் கணக்கா இருந்தாலும் ஆளுக்கு ஆள் பத்து பன்னெண்டு துடிப்பு மேல கீழ இருக்கறது ரொம்ப சகஜம். மாமாவுக்கு 168ம் மாப்ளைக்கு 128ம் ரெண்டுமே சரியா இருக்கவும் வாய்ப்பு இருக்கு.

மிதமான உடற்பயிற்சின்னா உச்சத்துல 50லேர்ந்து 70 சதவீதம், கடுமையானதுன்னா 70லேர்ந்து 85னு அமெரிக்க இதய சங்கம் சொல்லுது. 50 வயசுன்னா மிதம் 85லேர்ந்து 119 வரைக்கும். இதுல பேச முடியும், பாட முடியாது. பாட முடிஞ்சா இன்னும் கொஞ்சம் வேகமா நடங்கன்னு அர்த்தம்.

ஒரு முக்கியமான விஷயம். பிரஷருக்கோ இதயத்துக்கோ அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இந்த சூத்திரம் எதுவும் பொருந்தாது, ஏன்னா அந்த மாத்திரையோட வேலையே துடிப்ப மட்டுப்படுத்துறதுதான். நம்பர் ஏற மாட்டேங்குதேன்னு விரட்டிக்கிட்டு ஓடாதீங்க, எவ்வளவு வரைக்கும் போகலாம்னு டாக்டர்கிட்டயே கேளுங்க.

மார்கழி நம்பர் வேற, சித்திரை நம்பர் வேற

அதே தெரு, அதே வேகம், அதே ஆளு. மார்கழில 110 வந்தது சித்திரைல 125 வரலாம். உடம்பு தளந்துடுச்சுன்னு பயப்பட வேணாம். வெக்கைல உடம்பு சூட்ட வெளிய தள்ள தோலுக்கு ரத்தத்த திருப்பி விடுது, வேர்வைல நீர் போயி ரத்த அளவும் கொறையுது, ஒரு துடிப்புக்கு கொறைவா ரத்தம் போறதால இதயம் அடிக்கடி துடிச்சு ஈடு கட்டுது. ஒரு மணி நேரம் நடந்தா கடைசிக் கால் மணில வேகம் கூடாமலே நம்பர் ஏறுறதும் இதனாலதான். நம்ம கடலோரத்துல ஈரக்காத்து வேற, வேர்வை காயாம வழியுமே தவிர உடம்பக் குளுத்தாது. இந்த மாதிரி நாள்ல நம்பரப் பாத்து வேகத்தக் கொறைங்க, வேகத்தப் பிடிச்சிக்கிட்டு நம்பர விட்டுடாதீங்க.

கடைல சொல்ற கதை

ஹார்ட் ரேட், ஆக்சிஜன், பிரஷர், சுகர் எல்லாம் காட்டும் சார்னு எண்ணூறு ரூபாய்க்கு ஒரு வாட்ச் நீட்டுவாங்க. ஊசி குத்தாம தானாவே ரத்த சர்க்கரைய அளக்குற எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் நாங்க அனுமதி குடுக்கலன்னு அமெரிக்காவுல மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி குடுக்குற எஃப்டிஏ 2024 பிப்ரவரில எச்சரிச்சிருக்கு. அத நம்பி இன்சுலின் அளவ மாத்துனா உயிருக்கே ஆபத்து. சுகர் காட்டும்னு சொல்ற வாட்ச்சோட ஹார்ட் ரேட்டையும் நான் நம்ப மாட்டேன், ஒரு இடத்துல பொய் சொன்னவன் இன்னொரு இடத்துல மட்டும் உண்மை பேசுவானா?

சோதிச்சுப் பாக்க பெரிய வித்தை ஒண்ணும் வேணாம். கொரோனா சமயத்துல வாங்கி பீரோல போட்ட பல்ஸ் ஆக்சிமீட்டர் பல வீட்டுல இருக்கும், அதுல ஆக்சிஜனுக்கு பக்கத்துல வர்ற இன்னொரு நம்பர் ஹார்ட் ரேட்தான். விரல அசைக்காம உக்காந்து அதையும் வாட்ச்சையும் ஒண்ணாப் பாருங்க. அப்புறம் மாடிப்படி ரெண்டு தடவ ஏறி இறங்கி ஒடனே மறுபடி பாருங்க. உக்காந்திருக்கும்போது மட்டும் ஒத்துப்போயி, படி ஏறின பிறகும் வாட்ச் பாட்டுக்கு 78னு உக்காந்திருந்தா அன்னைக்கே திருப்பிக் குடுத்துடுங்க.

பட்டைய வச்சுக்கிறது

பட்டை வாங்குனவங்க பண்ற பொதுவான தப்பு, நடந்து வந்து அப்படியே ஆணில மாட்டிடறது. வேர்வை ஈரம் சென்சார மாட்டுற ரெண்டு பட்டனுக்கும் நடுவுல இருக்குற வரைக்கும் சென்சார் இன்னும் நெஞ்சுலதான் இருக்கோம்னு நெனச்சு ஓடிக்கிட்டே இருக்கும், பேட்டரி சீக்கிரம் தீந்துடும். வந்த ஒடனே சென்சார கழட்டித் தொடைச்சு வைங்க. துணிப் பட்டைய வெறும் தண்ணில அலசி, வாரத்துக்கு ஒரு தடவ லேசா சோப்பு போட்டு, முறுக்கிப் பிழியாம நிழல்ல காயப் போடுங்க, உப்பு படிஞ்சா எலக்ட்ரோடு கெட்டுடும். ஐப்பசி கார்த்திகை மழைல காயவே காயாது, அப்ப ஃபேனுக்கு கீழ போடுங்க. உள்ள இருக்கறது பெரும்பாலும் சிஆர் 2032 இல்லன்னா 2025 பட்டன் பேட்டரி, வாட்ச் ரிப்பேர் கடைலயே கிடைக்கும், மூடிய சுத்தி இருக்குற ரப்பர் வளையம் மட்டும் தொலைஞ்சிடாம பாத்துக்கங்க, அது இல்லன்னா வேர்வை உள்ள எறங்கிடும்.